போலீசுக்கும் பிராசிக்யூட்டருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

தேர்தல் வந்தால் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் தூங்குவதில்லை. ஜனாதிபதி யார், செனட்டர் யார், ஸ்கூல் போர்டில் யார் நிற்கிறார்கள் என்று விடிய விடிய சண்டை. அதே ஓட்டுச்சீட்டில் கீழே ‘கவுண்டி பிராசிக்யூட்டர்’ என்று ஒரு வரி இருக்கும், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டிக்கான அரசு வழக்கறிஞர். அதைப் பற்றிக் கேட்டால், “அது யாருன்னே தெரியலங்க, காலியா விட்டுட்டேன்” என்பார்கள். படித்தவர்கள், வீடு வாங்கியவர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் சொல்கிற பதில் இது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

ஓக்லண்ட் கவுண்டி நண்பர்களுக்குக் கொஞ்சம் விவரம் தெரியும். 2021 நவம்பர் 30இல் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் நான்கு மாணவர்கள் செத்தார்கள். அந்த கவுண்டி பிராசிக்யூட்டர் கேரன் மெக்டொனால்ட் சுட்ட பையனோடு நிற்காமல் அவனுடைய அப்பா அம்மா மீதும் வழக்குப் போட்டார். 2024இல் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை. நோவையிலும் ட்ராயிலும் அதைப் பேசாத தமிழ் வீடு இருந்திருக்காது. ஆனால் கேன்டனில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் வேய்ன் கவுண்டிக்காரர்கள். எங்கள் பிராசிக்யூட்டர் வேறு, அவருடைய கதையும் வேறு. அதைத்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன் ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நம்மூரில் பிபி, அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர் என்றால் அரசு நியமிக்கிறவர். எஃப்ஐஆர் போடுவது, விசாரிப்பது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் போலீஸ். வழக்கு கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் பிபி முகத்தைப் பார்ப்போம். மிச்சிகனில் பிராசிக்யூட்டரை நாலு வருஷத்துக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சிச் சின்னத்தோடு. போலீஸ் விசாரித்துக் கோப்பை அனுப்பும். வழக்கு உண்டா இல்லையா, எந்தப் பிரிவு, எதைக் கைவிடுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்று என்ன பேரம் பேசுவது என்பதை அந்த அலுவலகம் முடிவு செய்யும். பேரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. மாநில நீதிமன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருகிறவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012 தீர்ப்பு ஒன்றில் எழுதியிருக்கிறது. ஜூரி, சாட்சி, குறுக்கு விசாரணை என்று டிவியில் பார்க்கிறதெல்லாம் மீதி 6 சதவீதம். அந்த 94இல் உண்மையான தீர்ப்பு பிராசிக்யூட்டர் மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இப்போது வேய்ன் கவுண்டிக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 17.9 லட்சம் பேர். டெட்ராய்ட், டியர்போர்ன், லிவோனியா, கேன்டன் எல்லாம் இதற்குள். கிம் வொர்த்தி 2004 முதல் பிராசிக்யூட்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 2008இல் டெட்ராய்ட் மேயர் குவாமி கில்பாட்ரிக் மீதே வழக்குப் போட்டுப் பதவியை விட்டு இறக்கியவர். வெளியூர் பத்திரிகைகள் அவரைத் தூக்கிப் பிடிப்பதும், உள்ளூரில் ஒரு தரப்பு அவரைத் திட்டுவதும் வழக்கம். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஏன் என்று சொல்ல இரண்டு கதைகள் வேண்டும்.

முதல் கதை. 2008இல் டெட்ராய்ட் போலீசின் தடயவியல் ஆய்வகத்தை இழுத்து மூடினார்கள். துப்பாக்கிச் சோதனைகளில் ஏறக்குறைய 10 சதவீதம் தப்பு என்று மாநில போலீசின் தணிக்கை சொல்லியிருந்தது. மறு வருஷம் ஆகஸ்டில் போலீஸ் சாமான்கள் போட்டு வைக்கும் ஒரு பழைய கிடங்குக்குப் போன உதவி பிராசிக்யூட்டர் ஒருவர் அலமாரிகளில் அடுக்கடுக்காகப் பெட்டிகளைப் பார்த்தார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் உடலிலிருந்து எடுத்த தடயப் பெட்டிகள். எண்ணிப் பார்த்தால் 11,341. எண்பதுகளிலேயே எடுத்தவையும் அதில் இருந்தன.

அந்தப் பெட்டி என்னவென்று யோசித்துப் பாருங்கள். நடந்த கொடுமை முடிந்து சில மணி நேரத்தில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். குளிக்காமல், துணி மாற்றாமல் போகச் சொல்லியிருப்பார்கள். நாலு முதல் ஆறு மணி நேரம் ஒரு நர்ஸ் அவள் உடம்பில் அங்குலம் அங்குலமாகத் தடயம் எடுப்பார். நகத்துக்கு அடியில், தலைமுடியில், எல்லா இடத்திலும். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வது ஒரே நம்பிக்கையில்தான்: யாரோ இதைச் சோதித்து அவனைப் பிடிப்பார்கள். அப்படி எடுத்து மூடிய பெட்டி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது, பதினோராயிரம் தடவை.

ஏன் இப்படி? பணமில்லை, ஆளில்லை என்பது பாதி உண்மை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கேம்ப்பெல் குழு நடந்ததையெல்லாம் ஆராய்ந்து 2015இல் அறிக்கை கொடுத்தது. பணப் பற்றாக்குறையோடு இன்னொரு காரணத்தையும் அது பச்சையாகச் சொன்னது: புகார் கொடுத்த பெண்களைப் போலீஸ் நம்பவில்லை. பொய் சொல்கிறாள், அந்த மாதிரிப் பெண், அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை. இந்த வசனங்களை நாம் ஊரிலும் கேட்டிருக்கிறோம், விளக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இது போலீசின் கிடங்கு, போலீசின் தப்பு. பிராசிக்யூட்டர் அலுவலகம் ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வொர்த்தி அப்படி விடவில்லை. மத்திய நீதித்துறை ஆய்வு நிதி, மாநிலப் பணம், நன்கொடை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒரு பெட்டியைச் சோதிக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்ற காலம் அது. நடுவில் 2013இல் டெட்ராய்ட் நகரமே திவாலானது. தன் அலுவலக பட்ஜெட்டை வெட்டியதற்காக கவுண்டி நிர்வாகத்தின் மீதே அவர் வழக்குப் போட்ட கூத்தும் நடந்தது.

முதல் கட்டமாகச் சோதித்த 1,595 பெட்டிகளில் 455 தேசிய மரபணுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்த பதிவுகளோடு பொருந்தின. அதில் 127 ஒரே ஆள் பல பெண்களுக்குச் செய்த தொடர் குற்றங்கள். எல்லாப் பெட்டிகளையும் சோதித்து முடித்தபோது தொடர் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் மட்டும் 800 பேருக்கு மேல். அமெரிக்கா முழுக்கப் பல மாநிலங்களில் கைவரிசை காட்டியவர்கள். முதல் பெட்டியை அன்றைக்கே சோதித்திருந்தால் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பெண்ணுக்கு அது நடந்திருக்காது. இந்தக் கணக்கை என்னால் பொறுமையாகப் போட முடியவில்லை.

தண்டனை வாங்கியது இருநூற்றுக்கும் மேல். “பதினோராயிரத்தில் இருநூறுதானா?” என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி பொருந்தினால் வழக்கு முடிந்துவிடாது. இருபது வருஷத்துக்கு முந்தைய போலீஸ் கோப்பு தேட வேண்டும், பல சமயம் அது இருக்காது. அந்தப் பெண்ணைத் தேட வேண்டும். அவளுக்கு இப்போது கல்யாணமாகி, பேரப்பிள்ளை கூட இருக்கலாம். கணவனிடம் சொல்லியிருக்க மாட்டாள். விசாரணை அதிகாரி நேராகப் போய்க் கதவைத் தட்டி, “அம்மா, 1993இல் நீங்கள் கொடுத்த புகார் விஷயமாக” என்று ஆரம்பித்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதற்காகவே எப்படிப் போவது, யார் பேசுவது, என்ன சொல்லக்கூடாது, கூட ஆலோசகர் எப்போது வர வேண்டும் என்று தனி நடைமுறையே வகுத்தார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு அரசாங்க அலுவலகம் மக்களுக்குச் சேவை செய்கிறது என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ரிப்பன் வெட்டுகிற போட்டோ ஞாபகம் வராது.

இதில் எனக்குப் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே வருகிற இடம் ஒன்று உண்டு. அரசு விலை பேசிக் குறைத்ததில் ஒரு பெட்டிக்கு 490 டாலர் என்று வந்தது. 2015இல் கறுப்பினப் பெண்கள் சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 1,341 பெட்டிகளுக்கான 6,57,090 டாலரைத் தாங்களே திரட்டுவது என்று கிளம்பினார்கள். தங்கள் சகோதரிகளுக்காக அவர்கள் செய்ததைக் கை கூப்பிக் கும்பிடுகிறேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியாது. வீடு புகுந்து திருடியவனைப் பிடிக்க நாம் எப்போதாவது உண்டியல் குலுக்கியிருக்கிறோமா? வரி கட்டுகிற ஊரில் பாலியல் குற்றத்தின் தடயத்தைச் சோதிக்க மட்டும் ஏன் நன்கொடை?

ஒரு நல்லது நடந்தது. 2014இல் மிச்சிகன் சட்டம் போட்டது. ஆஸ்பத்திரி தகவல் சொன்ன 14 நாளில் போலீஸ் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த 14 நாளில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆள்பலம் இருந்தால் 90 நாளில் சோதனை முடிய வேண்டும்.

வொர்த்தி சட்டக் கல்லூரியில் படிக்கும்போது தானும் தாக்கப்பட்டதையும், அன்று புகார் கொடுக்காததையும் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு பிடிவாதம் என்று பத்திரிகைகள் எழுதும். இருக்கலாம். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு காயம் இருந்தால்தான் கிடங்கு திறக்கும் என்றால் நாளைக்கு வருகிறவரிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

இனி இரண்டாவது கதை. இது கசப்பானது.

2007 செப்டம்பரில் டெட்ராய்ட் ரன்யன் தெருவில் ஒரு வீட்டில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். போலீஸ் பக்கத்துத் தெரு பையன் ஒருவனைப் பிடித்தது. வயது 14. ஒரு கண்ணில் பார்வை இல்லை, படிப்பில் பின்தங்கியவன். பெற்றோரோ வக்கீலோ இல்லாமல் விசாரித்தார்கள். செய்தேன் என்றான். பிறகு கோர்ட் விசாரணை நடுவில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மேலே சொன்ன 94 சதவீதத்தில் இவனும் ஒருவன். 37 முதல் 90 ஆண்டுகள். தண்டனை விழுந்து இரண்டே வாரத்தில் வேறொரு கூலிக்கொலையாளி போலீசிடம் பிடிபட்டான். அந்த நாலு பேரையும் தானே கொன்றதாகச் சொன்னான். இன்னும் எட்டுக் கொலைகளையும் சொன்னான். எட்டுக்கு அவன்மேல் வழக்குப் போட்டார்கள். ரன்யன் தெரு நாலுக்குப் போடவில்லை.

எதற்காக என்று நீங்களே யோசியுங்கள்.

பையனின் வக்கீல்கள் ஒவ்வொரு கோர்ட்டாக ஏறினார்கள். பிராசிக்யூட்டர் அலுவலகம் ஒவ்வொரு கோர்ட்டிலும் எதிர்த்து நின்றது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009இல் போலீஸ் கிடங்கைத் திறந்து “இது அநியாயம்” என்று சொன்ன அதே அலுவலகத்தின் கையில், அதே வருஷம், அந்தக் கொலையாளியின் வாக்குமூலமும் இருந்தது. கடைசியில் 2015இல் வொர்த்தி மாநில போலீசை மறுபடி விசாரிக்கச் சொன்னார். கொலை நடந்த இடத்தின் படத்தைப் பையனே வரைந்தான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்த போலீஸ் அதிகாரி, அதை வரைந்தது தான்தான் என்று இப்போது சொன்னார். 2016 ஜூனில் பையன் வெளியே வந்தான். பையன் என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறேன், அதற்குள் அவனுக்கு 23 வயது. அந்த அதிகாரி மீது பொய்ச்சாட்சி வழக்கு வரவில்லை.

இரண்டு கதைக்கும் வித்தியாசம் எங்கே என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நல்லவர், கெட்டவர் என்று பார்த்தால் ஒன்றும் புரியாது, ஆள் ஒரே ஆள்தானே. கிடங்கு விஷயத்தில் அந்த அலுவலகம் போலீசை விட்டு விலகி நின்று பார்த்தது. ரன்யன் தெரு விஷயத்தில் போலீஸ் எழுதிக் கொடுத்ததற்குக் காவல் நின்றது. தினமும் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். போலீஸ் கோப்பு கொடுக்காவிட்டால் இவர்களுக்கு வழக்கு இல்லை, இவர்கள் வழக்குப் போடாவிட்டால் போலீஸ் பிடித்ததற்கு மதிப்பில்லை. அந்த நெருக்கத்துக்கு நடுவிலும் “உன் கோப்பை நான் நம்பவில்லை” என்று சொல்லத் தெரிய வேண்டும். இத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தேன் என்று தேர்தல் நோட்டீசில் போடுகிற எண்ணிக்கையில் இது தெரியாது.

நியாயமாகச் சொன்னால், அவர் அதோடு நிற்கவில்லை. 2018இல் தன் அலுவலகத்துக்குள்ளேயே தவறான தண்டனைகளைத் தோண்டிப் பார்க்க ஒரு தனிப் பிரிவு தொடங்கினார். அதன் தலைமைக்கு அவர் கொண்டுவந்தது வேலரி நியூமன் என்ற வழக்கறிஞரை. அந்தப் பையனுக்காக இதே அலுவலகத்தோடு மல்லுக்கட்டியவர் அவர். எதிரணி வக்கீலைக் கூப்பிட்டு “என் பழைய கோப்புகளைப் பார், தப்பு கண்டுபிடி” என்று சாவியைக் கொடுப்பது சாதாரணமில்லை. அதன் பிறகு முப்பது பேருக்கு மேல் வெளியே வந்திருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் உள்ளே இருந்தவர்கள் உட்பட.

“நாம சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கிறவங்க, நமக்கெதுக்கு இது?” என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பெட்டிகளில் இருந்த பெண்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். நம் பிள்ளைகள் ஹைஸ்கூல் போகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை விசாரணை அறையில் தனியாக உட்கார வைத்தால் அது எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளும் என்பது பெற்ற நமக்குத் தெரியாதா?

அடுத்த முறை வேட்பாளர்கள் வரும்போது நான் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். போலீஸ் அனுப்புகிற கோப்புகளில் எத்தனையைத் திருப்பி அனுப்புவீர்கள், எதற்காக? கோர்ட்டில் பொய் சொன்னதாகத் தெரிந்த அதிகாரிகளின் பட்டியல் வைத்திருப்பீர்களா, அதை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுப்பீர்களா? தவறான தண்டனையைப் பார்க்கிற பிரிவுக்கு பட்ஜெட்டில் எவ்வளவு? நீங்களும் கேளுங்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள், பட்டு வேட்டி கட்டி போட்டோ எடுப்பதோடு அனுப்பிவிடாதீர்கள்.

ஓட்டு எப்போது என்பதும் முக்கியம். வேய்ன் கவுண்டியில் டெமாக்ரட்டுகள்தான் ஜெயிப்பார்கள் என்பது ஊரறிந்தது. அதனால் நவம்பரில் போய் நின்றால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். உண்மையான போட்டி, கட்சி வேட்பாளர் யார் என்று மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற ஆகஸ்ட் பிரைமரி, அடுத்தது 2028இல். நாம் ஊருக்குப் போயிருக்கிற சீசன் அது, தெரியும். அதனால் தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். மிச்சிகனில் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சீட்டில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி பத்தி இருக்கும், ஏதாவது ஒன்றில் மட்டும் குறியுங்கள். இரண்டிலும் குறித்தால் அந்தக் கட்சிப் பகுதி முழுக்கச் செல்லாது.