ரொக்கேயாவின் பள்ளிக்கூட பஸ்

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா என்றதும் பலரும் ‘சுல்தானாவின் கனவு’ கதையோடு நின்றுவிடுகிறார்கள். 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில் வந்த கதை அது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். பெண்கள் வானூர்தியில் போய்வருவார்கள். அருமையான கற்பனை. ஆனால் அவர் பட்ட பாடு தெரிய வேண்டுமானால் அவருடைய பள்ளிக்கூடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றைய வங்கதேசத்தில், ரங்கப்பூர் பக்கத்துப் பாய்ராபந்தில் 1880இல் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அண்ணன் இப்ராகிம், வீடு அடங்கிய பிறகு ராத்திரியில் ஒளித்துச் சொல்லிக்கொடுத்த படிப்புதான். 1909இல் கணவர் சகாவத் உசேன் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஒதுக்கிய 10,000 ரூபாயை வைத்து, அதே ஆண்டு பாகல்பூரில் 5 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. அங்கே குடும்பச் சொத்துத் தகராறு. 1911 மார்ச் 16 அன்று கொல்கத்தா வலியுல்லா சந்தில் 8 பேரோடு மறுபடி ஆரம்பம்.

பிள்ளைகள் பர்தாவோடுதான் வரவேண்டும் என்பதால் பஸ்ஸை நாலு பக்கமும் அடைத்துக் கட்டினார்கள். முன்கதவின் மேலும் பின்கதவின் மேலும் 3 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்தில் கதவுக்கொரு வலை. காற்று வர வேறு வழியே இல்லை. புழுக்கத்தில் சிறுமிகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கினார்கள், இருட்டுக்குப் பயந்து அழுதார்கள். பிறகு பக்கவாட்டைத் திறந்து திரை போட்டார்கள். காற்றில் திரை பறக்கிறது, பர்தா கெடுகிறது, பத்திரிகையில் எழுதி நாறடிப்போம் என்று கடிதங்கள் வந்தன. ஒன்றில் ‘இஸ்லாமியச் சகோதரன்’ என்று கையெழுத்து!

இதையெல்லாம் வைத்து, பர்தாவோடு சமரசம் செய்துகொண்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கெஞ்சித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார். திரையும் போடமாட்டேன் என்றிருந்தால் ஒருத்தியும் படி தாண்டியிருக்க மாட்டாள். பேனாவில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றி அவர் எழுதி 1931இல் வந்த ‘அவரோத்பாசினி’ புத்தகத்தில் 47 சம்பவங்கள்; பஸ் கதையும் அதில்தான் இருக்கிறது. கியூல் ரயில் நிலையத்தில் புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த பெண்ணை எந்த ஆணும் தொடக்கூடாது என்று வேலைக்காரி தடுத்துவிடுகிறாள். அரை மணி நேரம் காத்திருந்த ரயில் அவர்மேல் ஏறிப் போகிறது. ரொக்கேயாவுக்குக் கணவர் வழி உறவுக்காரப் பெண் அவர். சொந்தக் குடும்பத்துச் சாவையே அச்சில் ஏற்றியவரைப் பார்த்தா சமரசம் என்கிறீர்கள்?