ரிசீவர் வாங்க வாட் மட்டும் போதாது

ஹோம் தியேட்டரில் ஸ்பீக்கர்களை ஓட்டும் கருவிதான் ரிசீவர். பழைய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவரை மாற்றுபவர்கள் முதலில் வாட் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் 80, 100 வாட் எல்லாம் பெரும்பாலும் இரண்டு சேனல்களை (ஒரு சேனல் ஒரு ஸ்பீக்கருக்கு) மட்டும் ஓட்டி அளந்த கணக்கு. ஏழு சேனல் ரிசீவரில் ஏழும் ஒன்றாக ஓடும்போது அவ்வளவு கிடைக்காது. அதோடு, 80-லிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது சுமார் ஒரு டெசிபல்தான். படம் பார்க்கும்போது அது தெரியக்கூடத் தெரியாது.

நான் ரிசீவரை மாற்றியது இஏஆர்சிக்காக, அதாவது டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே முழுத் தரத்தில் ரிசீவருக்கு அனுப்பும் வசதிக்காக. பழையதில் அதற்கு முந்தைய வெறும் ஏஆர்சி. டிவி வழியாக வரும் ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி (தரம் குறையாத) ஒலி அதில் முழுசாக வராது. மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் வேண்டும் என்றால், 5.1-உடன் இரண்டு உயர ஸ்பீக்கர்கள் சேரும் 5.1.2-க்கே ஏழு சேனல் ஆம்ப்ளிஃபையர் தேவை, இதையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்ய ரிசீவர் மைக் வைத்துச் செய்யும் அளவீடு. முதல் தடவை மைக்கை சோபா மெத்தை மேலேயே வைத்து, ஃபேனையும் ஓடவிட்டுச் செய்தேன். வசனம் அமுங்கிப் போனது. மறுநாள் ஃபேனை நிறுத்தி, கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி மறுபடி அளந்தேன். சென்டர் ஸ்பீக்கர் தெளிவாகிவிட்டது. வசனத்துக்கு வசனம் "என்னடா சொன்னான்?" என்று கேட்கும் அம்மா, அன்று இரவு முழுப் படத்தையும் கேள்வி கேட்காமல் பார்த்தார். பழைய ரிசீவரில் மைக் வசதி இருந்தால், காசைப் போடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.