358 நாள் சரிதான், அப்புறம்?
நலிந்துகிடந்த 1993–96 காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தைத் தாங்கியவர் 358 நாள் சாம்பியனாக இருந்த டீசல் என்ற வீரர்தான், இன்னொரு வீரரான பிரெட் ஹார்ட் நடுவில் வந்துபோனவர் என்கிறீர்கள். நாள் கணக்கு சரி. ஆனால் அந்த 1995-இல் வியாபாரம் படுத்தேதான் கிடந்தது. அப்போதைய சாம்பியன் பாப் பேக்லண்டை 8 விநாடியில் சாய்த்துப் பட்டம் வாங்கியவர் டீசல் (நல்ல வேகம்!). அவருடைய உருப்படியான ஆட்டங்களைத் தேடினால் எதிரில் நிற்பவர் பெரும்பாலும் பிரெட், இல்லாவிட்டால் ஷான் மைக்கேல்ஸ்.

அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியாவை, 1994-இல் நடந்ததைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் தம்பி ஓவனிடம் தோற்ற பிரெட், அதே இரவில் நொண்டியபடியே திரும்ப வந்தார். அப்போதைய சாம்பியன் யோகோசூனா கயிற்றிலிருந்து சறுக்கி மல்லாக்க விழ, அமுக்கிப் பட்டத்தைப் பிடித்தார். நடுவில் வந்துபோனவரா இவர்? 1995 நவம்பரில் அந்த 358 நாளை முடித்துவைத்ததும் இவர்தான்.