காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காவிட்டால் மருந்தும் இல்லையா?
"மறுத்துக் கையெழுத்து வைத்தவருக்கு அதன்பிறகு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை" என்று, சிகிச்சையை மறுக்கும் நோயாளர்களைப் பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), காலில் புண் பெருத்து முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் நன்றாக யோசித்துத்தான் வேண்டாம் என்றார். சரி, அது அவருடைய கால், தெளிவாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த எவரும் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம் என்று, நோயாளர் உரிமைகள் பற்றி உலக மருத்துவச் சங்கம் 1981இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய லிஸ்பன் பிரகடனமே சொல்கிறது. ஆனால் அவர் மறுத்தது சத்திரசிகிச்சையை மட்டும்தானே, புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் இன்சுலினையும் எப்போது வேண்டாம் என்றார்? ஆனாலும் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கிளினிக்குக்குப் போனால் எல்லோருக்கும் முன்னால் ஏச்சு, அந்த வெட்கத்தில் போவதையே நிறுத்திவிட்டார். மேலே கருத்து எழுதிய ஒருவர் 'சொல் கேட்காதவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்' என்று கேட்டிருக்கிறார். நோகிறது, அதனால்தான் வருகிறார்கள் ஐயா. மனம் மாறினால் எப்போதும் வரலாம் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கிளினிக்கை விட்டிருக்க மாட்டார்.