இருக்கு, ஆனா இல்லை

மறுபடியும் அதே பதில். "ஸ்டாக் இல்லக்கா."

மலிவு விலையில் மருந்து விற்க 2008 முதல் மத்திய அரசின் மக்கள் மருந்தகம். போதாதென்று 2025 பிப்ரவரியில் மாநிலத்தின் முதல்வர் மருந்தகம், ஒரே நாளில் 1,000 கடை. நான் போனது இதில் எது என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். இரண்டும் நம் வரிப்பணம்தானே.

அப்பாவின் மருந்துச் சீட்டை நீட்டினேன். பிரஷர், சுகர், கொழுப்பு, மூன்றே மாத்திரை. கடைப் பையன் சீட்டை நேராகப் பார்த்தான், தலைகீழாகப் பார்த்தான், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கியும் பார்த்தான். "கம்பெனி பேரு போட்டிருக்காரு. மருந்துப் பேரு எழுதி வாங்கிட்டு வாங்கக்கா."

சரி, டாக்டரிடம் ஓடினேன். என் டோக்கன் 43, உள்ளே போயிருந்தது 11. மூன்று வார்த்தை எழுத இரண்டரை மணி நேரம். அதையும் பாதிச் சொத்தை எழுதிக் கேட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதினார். (2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், ஜெனரிக் பெயரில்தான், அதாவது கம்பெனி பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் நிறுத்தியும் வைத்துவிட்டது. பால்காரருக்கு நான் வைக்கும் பாக்கிகூட அதைவிட அதிக நாள் நிற்கும்.)

திரும்ப வந்தேன். "அட, டெல்மிசார்ட்டனா!" பிரஷர் மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டதில் பையனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அலமாரியைத் திறந்தான், மூடினான். "40 மில்லிகிராம் இல்லக்கா. 80 இருக்கு, பாதியா உடைச்சுக் குடுங்க." அப்பாவுக்குக் கை நடுக்கம். அவர் உடைத்தால் ஒரு பாதி பொடியாகும், மறு பாதி கட்டிலுக்கு அடியில் போகும்.

"சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின்?"

"வெள்ளிக்கிழமை லோடு வரும்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்ய?

கொழுப்பு மாத்திரை மட்டும் ஒரு அட்டை கிடைத்தது. அவ்வளவு மலிவு! அதுதான் வயிற்றெரிச்சலே. இல்லாத மருந்துக்குத் தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் என்ன, நூறு கொடுத்தால் என்ன?

மீதியை எதிர்க்கடையில் முழு விலைக்கு வாங்கினேன். அப்புறம், அட்டையில் பத்து மாத்திரை வெட்டிக் கொடுக்கும் மகராசன்களே, காலாவதித் தேதி இருக்கிற துண்டை மட்டும் ஏன் ஐயா நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள்? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா?