எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு மட்டும் இருந்தால் வீட்டில் சோப்பு தயாரிக்கலாமா?

"எஸ்எஸ்எம்-மில் பதிந்துவிட்டால் போதும், வீட்டிலேயே காஸ்டிக் சோடா வைத்துச் சோப்பு செய்து விற்கலாம், மாநகர் மன்ற அனுமதி தேவையில்லை" என்ற புலனச் செய்தி கோலாலம்பூர் தமிழர்களிடையே பரவுகிறது. அது தவறு.

1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி எஸ்எஸ்எம் உங்கள் வணிகத்தைப் பதிவு செய்கிறது. அந்த வீட்டில் அத்தொழிலை நடத்தலாமா என்பதை அது பார்ப்பதே இல்லை. குடியிருப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) திட்டமிடல், உரிமப் பிரிவுகளின் பொறுப்பு. பினாங்கில் அந்தந்த மாநகர் மன்றம். அடுக்குமாடி என்றால் நிர்வாக அமைப்பின் விதிகளையும் பாருங்கள். முன்பணம் கட்டி எதையும் வாங்குமுன் மாநகர் மன்ற முகப்பில் நேரில் கேளுங்கள். பொருளின் பெயர், சேமிக்கும் அளவு, அறையின் வரைபடம் மூன்றையும் கொண்டுபோங்கள். "சோப்பு" என்று மட்டும் சொன்னால் பதிலும் அரைகுறையாகவே வரும்.

காஸ்டிக் சோடாவுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வேதிப்பெயர் கொண்ட அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கான அனுமதியைச் சுகாதார அமைச்சின் மருந்தகப் பிரிவில் விசாரியுங்கள். விற்கும் குளியல் சோப்பைப் பற்றி என்பிஆர்ஏ-வுக்கும் (தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அறிவிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அதைத் தண்ணீரில் கொட்டினாலே கலவை கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும்.