க்ளூனி தேவாலயத்தை கோனன்ட் திரும்பக் கட்டவில்லை

பிரான்ஸின் க்ளூனி மடாலயத் தேவாலயம் உலகப்போரில் இடிந்தது, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கென்னத் ஜான் கோனன்ட் அதைப் பழையபடி எழுப்பினார் என்று ஒரு பதிவில் படத்தோடு சொல்லப்பட்டிருக்கிறது. நல்லெண்ணத்தில் பகிர்ந்ததுதான், ஆனால் அவர் அதைக் கட்டவில்லை.

1088இல் தொடங்கிய அந்தத் தேவாலயத்தின் நீளம் சுமார் 187 மீட்டர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798இல் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கல்லுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தார்கள். கோனன்ட் பிறந்ததே 1894இல்! ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த அவர் 1928 முதல் 1950 வரை, நடுவில் போரால் தடைபட்டாலும், அங்கே அகழாய்வு செய்தார். புதைந்திருந்த அடித்தளங்களை அளந்து, கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று தாளில் வரைந்தார். அந்தப் பதிவில் உள்ள படமும் அப்படிப்பட்ட ஓவியம்தான், புகைப்படம் இல்லை. உற்றுப் பார்த்தால் பேனாக் கோடுகள் தெரியும்.

சந்தேகம் இருந்தால் இணைய வரைபடத்தில் க்ளூனி என்று தேடி, செயற்கைக்கோள் காட்சியைப் பாருங்கள். எண்கோணக் கோபுரம் ஒன்றும், அதைத் தாங்கி நிற்கும் குறுக்குக் கூடத்தின் (நடுக்கூடத்துக்குக் குறுக்கே அமைந்த பகுதியின்) தென்பகுதியும் கண்ணில் படும். நீண்ட நடுக்கூடம் இருந்த இடத்தில் பெரும்பாலும் வெட்டவெளியும் தெருவும்தான். அவர் திரும்பக் கட்டியிருந்தால் அவ்வளவு பெரிய கூரை மேலிருந்து தெரியாமல் போகுமா?